அஃபிலியேட் வழியாக வரும் விஐபி ஆட்டக்காரரை இணையக் கேசினோ எப்படி நடத்துகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையக் கேசினோவில் பெருந்தொகை வைத்து ஆடுபவருக்குத் தனி மரியாதை உண்டு என்பது பலரும் கேள்விப்பட்ட செய்திதான். அந்த ஆட்டக்காரர் ஒரு பரிந்துரைத் தளத்தில் இருந்த இணைப்பைச் சொடுக்கி வந்தவராக இருந்தால், அவருக்கும் கேசினோவுக்கும் இடையே மூன்றாவது ஒருவரின் வருமானமும் நின்றுகொண்டிருக்கும். கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் பிரிட்டனைப் பற்றியவை. அங்குள்ள சூதாட்ட ஆணையம் தன் விதிகளையும், அவற்றை மீறிய நிறுவனங்கள் மீது எடுத்த நடவடிக்கைகளையும் பொதுவில் வெளியிடுவதால், மற்ற நாடுகளில் மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதைக்கூட அங்கே ஓரளவு தெளிவாகப் பார்க்க முடிகிறது.

அஃபிலியேட் என்பவர் யார்?

கேசினோக்களை ஒப்பிட்டு மதிப்புரை எழுதும் தளங்கள், போனஸ் பட்டியல் வெளியிடுபவர்கள், தாங்கள் ஸ்லாட் (படங்கள் சுழலும் பந்தய ஆட்டம்) ஆடுவதை நேரலையில் காட்டுபவர்கள், டெலிகிராம் குழுக்களில் பந்தயக் குறிப்பு கொடுப்பவர்கள் ஆகிய எல்லாரும் இந்த வகையில் அடங்குவர். இவர்கள் கேசினோவின் ஊழியர்கள் அல்லர். ஒப்பந்தத்தின் பேரில் ஆள் சேர்த்துக் கொடுப்பவர்கள். இவர்களுடைய இணைப்பு ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளக் குறியீடு இருக்கும். அதைச் சொடுக்கிக் கணக்குத் தொடங்குபவரின் பதிவோடு அந்தக் குறியீடு ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த ஒட்டுதல் கணக்கு உயிரோடு இருக்கும் காலம் வரை நீடிக்கும்.

அவருக்குப் பணம் எப்படிக் கிடைக்கிறது?

இரண்டு வழிகள் முதன்மையானவை. முதல் வழியில், புதிதாகச் சேர்ந்தவர் ஒரு குறைந்தபட்சத் தொகையை டெபாசிட் செய்தவுடன் தலைக்கு இவ்வளவு என்று ஒரே முறை பணம் கொடுத்துக் கணக்கு முடிக்கப்படும். இரண்டாவது வழியில், அந்த ஆட்டக்காரரிடமிருந்து கேசினோவுக்குக் கிடைக்கும் நிகர வருவாயில் ஒரு பங்கு மாதந்தோறும் அஃபிலியேட்டுக்குப் போகும். வீட்டுத் தரகர் ஒரு மாத வாடகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவதற்கும், குடியிருப்பவர் காலி செய்யும் வரை ஒவ்வொரு மாத வாடகையிலும் பங்கு கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டையும் கலந்த ஒப்பந்தங்களும் உண்டு.

நிகர வருவாய் என்றால் என்ன என்பதைக் கற்பனைக் கணக்கு ஒன்றால் விளக்கலாம். ஓர் ஆட்டக்காரர் ஒரு மாதத்தில் 5,000 பவுண்டு இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கொடுத்த போனஸ் 600 பவுண்டு கழிக்கப்படுகிறது. அரசுக்குக் கட்டும் வரி, விளையாட்டு மென்பொருள் நிறுவனத்தின் பங்கு, பணப் பரிமாற்றக் கட்டணம் ஆகியவை சேர்ந்து இன்னொரு 2,400 பவுண்டு போகிறது. மிஞ்சும் 2,000 பவுண்டுதான் நிகர வருவாய். ஒப்பந்தம் 30 விழுக்காடு என்றால் அஃபிலியேட்டுக்கு 600 பவுண்டு. எதையெல்லாம் கழிக்கலாம் என்பதை ஒப்பந்தத்தை எழுதும் கேசினோதான் முடிவு செய்கிறது. பிரிட்டனில் இணையக் கேசினோ வருவாய் மீதான வரி 2019 ஏப்ரலில் 15 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடானது. அது 2026 ஏப்ரல் முதல் 40 விழுக்காடாகும் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. வரியைக் கழித்த பிறகே பங்கு பிரிப்பதால், இந்த உயர்வின் ஒரு பகுதி அஃபிலியேட்டின் தலையிலும் விழும்.

இந்தக் கணக்கில் ஆட்டக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்றே. வருவாய்ப் பங்கு ஒப்பந்தத்தில் அவர் இழந்தால்தான் அஃபிலியேட்டுக்கு வருமானம். அவர் வென்றால் எதுவும் இல்லை. நட்பான குரலில் எழுதப்பட்ட எந்த மதிப்புரையைப் படிக்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

‘மதிப்புமிக்க ஆட்டக்காரர்’ என்று யாரைச் சொல்கிறார்கள்?

நன்றாக ஆடுபவரையோ நீண்ட நாள் உறுப்பினரையோ அல்ல. அடிக்கடி டெபாசிட் செய்பவர், பெரிய தொகை வைப்பவர், எடுத்த பணத்தை மீண்டும் உள்ளே போடுபவர், போனஸ் இல்லாத நாள்களிலும் வந்து ஆடுபவர் ஆகியோரைக் கணினி முறைகள் கணக்குத் தொடங்கிய சில நாள்களிலேயே அடையாளம் காண்கின்றன.

இந்தச் சிறு கூட்டம் எவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஒரு புள்ளிவிவரம் போதும். பிரிட்டனில் ஒரு நிறுவனத்தின் மொத்த டெபாசிட்டில் 83 விழுக்காடு, அதன் வாடிக்கையாளர்களில் வெறும் 2 விழுக்காட்டினரான விஐபிகளிடமிருந்து வந்தது என்பது சூதாட்ட ஆணையத்தின் ஆவணம் வழியே 2020 ஜனவரியில் வெளியானது. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டன் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் தேர்வுக் குழு வெளியிட்ட அறிக்கை, இத்துறையின் இலாபத்தில் 60 விழுக்காடு 5 விழுக்காட்டினரிடமிருந்து வருகிறது என்றும், அவர்கள் சூதாட்டப் பழக்கத்தால் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் அல்லது பாதிப்பின் விளிம்பில் இருப்பவர்கள் என்றும் குறிப்பிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விஐபி பட்டியலும் பாதிக்கப்பட்டோர் பட்டியலும் எந்த அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று படியக்கூடும் என்ற ஐயம் தானாகவே எழுகிறது.

விஐபி ஆனவருக்கு என்னென்ன கிடைக்கும்?

பெயர் சொல்லி அழைக்கும் தனி மேலாளர், வாட்ஸ்அப்பில் நேரடித் தொடர்பு, இழந்த தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் கேஷ்பேக், பிறந்தநாள் போனஸ், பெரிய கால்பந்து ஆட்டத்திற்கோ குதிரைப் பந்தயத்திற்கோ அழைப்பு, உயர்ந்த பந்தய வரம்பு, விரைவாகப் பணம் எடுக்கும் வசதி ஆகியவை வழக்கமானவை.

கடைசியாகச் சொன்ன வசதி சலுகையாகக் கருதத் தக்கதே அல்ல. தன் கணக்கில் உள்ள தன் பணத்தைத் தாமதமின்றி எடுப்பது எந்த வாடிக்கையாளருக்கும் உரிய ஒன்று. அதை விஐபிக்கு மட்டும் பரிசாக வழங்கும் நிறுவனம், மற்றவர்களை வேண்டுமென்றே காக்க வைக்கிறது என்றுதான் பொருள். கேஷ்பேக்கையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்: இழந்ததில் 10 விழுக்காடு திரும்பி வருகிறது என்றால், 90 விழுக்காடு போய்விட்டது. திரும்பி வந்த அந்தப் பத்தும் பெரும்பாலும் எடுக்க முடியாத போனஸாக, போனஸ் தொகையைப்போல் இத்தனை மடங்கு ஆடித் தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகிறது. பிரிட்டனில் 2026 ஜனவரி 19 முதல் இந்த நிபந்தனை 10 மடங்கைத் தாண்டக் கூடாது என்று விதி வந்துள்ளது. அதற்கு முன் 30, 40 மடங்கு என்பதெல்லாம் சாதாரணம்.

அஃபிலியேட் வழியாக வந்த விஐபியை, நேரடியாக வந்த விஐபியிலிருந்து வேறுபடுத்தி நடத்துகிறார்களா?

விளையாட்டின் முடிவுகளில் வேறுபாடு இல்லை. உரிமம் பெற்ற தளங்களில் ஸ்லாட்டும் ரூலட்டும் மென்பொருள் நிறுவனத்தின் சேவையகத்தில் ஓடுகின்றன. சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் நிரலுக்கு உங்கள் கணக்கில் யாருடைய குறியீடு ஒட்டியிருக்கிறது என்பது தெரியாது. ‘அந்தத் தளம் வழியாகச் சேர்ந்தால் அதிகம் ஜெயிக்கலாம்’ என்று சொல்பவர் பொய் சொல்கிறார்.

வேறுபாடு சுற்றியுள்ள உபசரிப்பில் இருக்கிறது. மேலே பார்த்த கணக்கின்படி, வருவாய்ப் பங்கு ஒப்பந்தத்தில் வந்தவரின் நிகர வருவாயில் 30 விழுக்காடு கேசினோவின் கையை விட்டுப் போகிறது. அதே அளவு இழக்கும் இருவரில் நேரடியாக வந்தவரே நிறுவனத்துக்கு அதிக இலாபம் தருபவர். ஆகவே நேரடியாக வந்தவருக்குக் கொஞ்சம் தாராளமான கேஷ்பேக் கொடுக்க மேலாளருக்கு இடம் உண்டு. மறுபுறம், ஆயிரக்கணக்கில் ஆள்களை அனுப்பும் பெரிய அஃபிலியேட்டின் நல்லெண்ணத்தை இழக்கக் கேசினோ விரும்பாது. அவர் அனுப்பியவர்களுக்குத் தனி வரவேற்பு போனஸ், சேர்ந்தவுடனே விஐபி படிநிலையில் ஒரு படி மேலே இடம், புகார் வந்தால் விரைவான பதில் ஆகியவை அந்த உறவின் பொருட்டே கிடைக்கின்றன. சிறிய அஃபிலியேட் வழியாக வந்தவருக்கு இரு பக்க நன்மையும் கிடைக்காமல் போவது உண்டு.

இன்னொரு நடைமுறையும் இருக்கிறது. பல கேசினோக்கள் ஒரே நிறுவனத்தின் கீழ் வெவ்வேறு பெயர்களில் இயங்குகின்றன. ஒரு பெயரில் நன்றாகச் செலவழிக்கும் ஆட்டக்காரரிடம் விஐபி மேலாளர், ‘எங்கள் இன்னொரு தளத்தில் உங்களுக்காகவே ஒரு சலுகை’ என்று சொல்லிப் புதுக் கணக்குத் தொடங்க வைப்பார். பழைய கணக்கோடு அஃபிலியேட்டின் குறியீடும் பின்தங்கிவிடும். ஆட்டக்காரருக்கு இது வெறும் கூடுதல் போனஸ். கேசினோவுக்கோ மாதாமாதம் கொடுத்து வந்த பங்கு மிச்சம். எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்வதில்லை. சில ஒப்பந்தங்களில் ஆட்டக்காரர் எந்தத் துணைத் தளத்துக்குப் போனாலும் குறியீடு உடன் செல்லும் என்றே எழுதப்பட்டிருக்கும். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அஃபிலியேட் பின்னால் புலம்புவதில் பயனில்லை.

என் பெயரும் நான் இழந்த தொகையும் அஃபிலியேட்டுக்குத் தெரியுமா?

பெயர், முகவரி, வங்கி விவரம் ஆகியவை தெரியக் கூடாது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் கண்டிப்பானது. அஃபிலியேட்டின் அறிக்கைப் பக்கத்தில் பொதுவாக ஓர் எண், பதிவு செய்த நாள், டெபாசிட், நிகர வருவாய் ஆகியவை மட்டும் தெரியும். சில நிறுவனங்கள் ஆள்வாரியான கணக்கைக்கூடக் காட்டாமல் மொத்தத் தொகையை மட்டும் காட்டுகின்றன.

ஆட்டக்காரர் தாமாகவே முன்வந்து அஃபிலியேட்டுக்கு எழுதும்போதுதான் அந்த எண்ணுக்கு முகம் கிடைக்கிறது. விஐபி ஆக வேண்டும் என்றோ பணம் வரவில்லை என்றோ அவரிடம் கேட்பவர்கள், தங்கள் பயனர் பெயரையும் சில வேளைகளில் பாஸ்போர்ட் படத்தையுமே அனுப்பிவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டைக் கேட்கும் உரிமை அஃபிலியேட்டுக்கு இல்லை. கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பெரிய ஆட்டக்காரர் பெருந்தொகை வென்றுவிட்டால் என்ன நடக்கும்?

ஆட்டக்காரருக்குப் பணம் போக வேண்டும். வயது, அடையாளச் சரிபார்ப்பை ஆடத் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும் என்று 2019 மே 7 முதல் பிரிட்டனில் விதி உள்ளது. முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்கும் நேரம் பார்த்துக் கேட்டு இழுத்தடிக்கக் கூடாது என்பதும் அந்த விதியில் அடங்கும். ஆனாலும் பணம் எங்கிருந்து வந்தது என்ற விசாரணை, கருப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் பெயரில் எப்போது வேண்டுமானாலும் எழலாம். இலட்சக்கணக்கில் டெபாசிட் செய்தபோது கேள்வி கேட்காத நிறுவனம் எடுக்கும்போது மட்டும் சம்பளச் சீட்டு கேட்டால், ஆட்டக்காரருக்கு எரிச்சல் வருவது நியாயமே. உண்மையில் டெபாசிட் நேரத்தில் கேட்காததுதான் அந்த நிறுவனத்தின் பெரிய குற்றம்.

அஃபிலியேட்டின் பக்கம் கதை வேறு. அவர் அனுப்பிய ஐந்து பேரில் நால்வர் சேர்ந்து 6,000 பவுண்டு இழக்க, ஐந்தாமவர் 40,000 பவுண்டு வென்றுவிட்டால், அந்த மாதக் கணக்கு 34,000 பவுண்டு பற்றாக்குறையில் நிற்கும். பற்றாக்குறை அடுத்த மாதத்துக்குத் தொடரும் ஒப்பந்தமாக இருந்தால், அது ஈடாகும் வரை அவருக்கு ஒரு காசும் வராது. இதைச் சமாளிக்கவே பல ஒப்பந்தங்களில் ‘ஹைரோலர்’ (பெருந்தொகை வைத்து ஆடுபவர்) விதி ஒன்று இருக்கிறது. ஒரே ஆள் ஒரு மாதத்தில், உதாரணமாக, 10,000-க்கு மேல் பற்றாக்குறை ஏற்படுத்தினால், அந்தப் பற்றாக்குறையைத் தனியே எடுத்து அவருடைய கணக்கோடு மட்டும் கட்டிவைப்பார்கள். மற்ற நால்வரின் வருமானம் அடுத்த மாதம் முதல் வழக்கம்போல் வரும். அந்த வெற்றியாளர் வென்றதையெல்லாம் திரும்ப இழக்கும் வரை, அவரால் மட்டும் வருமானம் இராது.

இந்த விதி கேசினோவையும் காக்கிறது, அஃபிலியேட்டையும் காக்கிறது. வென்றவர் ஒதுங்கிவிடுவதை மட்டும் இருவரில் எவரும் விரும்ப மாட்டார். பெரிய வெற்றிக்கு மறுநாளே விஐபி மேலாளரிடமிருந்து வாழ்த்தும் சலுகையும் வருவதன் காரணம் இதுதான்.

விஐபிகளை நடத்துவதற்குச் சட்டபூர்வ விதிகள் உண்டா?

உண்டு. ஆனால் அவை வந்த விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் அவற்றின் பொருள் விளங்கும்.

2019 ஜூலையில், சூதாட்ட ஆணையத்தின் விசாரணையை அடுத்து, லாட்புரோக்ஸ் கோரல் குழுமம் 59 இலட்சம் பவுண்டு செலுத்த நேர்ந்தது. அந்த விசாரணையில் வெளிவந்த ஒரு வாடிக்கையாளர் இரண்டரை ஆண்டுகளில் 98,000 பவுண்டு இழந்திருந்தார். அவர் டெபாசிட் செய்ய முயன்று 460 முறை வங்கி மறுத்திருந்தது. விளம்பரச் சலுகைகளை அனுப்ப வேண்டாம் என்று அவரே கேட்டிருந்தார். 460 முறை பணம் மறுக்கப்படுவதைவிடத் தெளிவான அபாயக் குறி வேறு என்ன இருக்க முடியும்? நிறுவனம் அதையும் பொருட்படுத்தவில்லை.

2020 மார்ச்சில் பெட்வே நிறுவனம் 1.16 கோடி பவுண்டு செலுத்தியது. அதன் விஐபிகளில் ஒருவர் நான்கு ஆண்டுகளில் 80 இலட்சம் பவுண்டுக்கு மேல் டெபாசிட் செய்து 40 இலட்சத்துக்கு மேல் இழந்திருந்தார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் சரிபார்க்கவில்லை. இன்னொருவர் இரண்டே நாள்களில் 1,87,000 பவுண்டு டெபாசிட் செய்து முழுவதையும் இழந்தார்.

இப்படிப்பட்ட தொடர் நிகழ்வுகளுக்குப் பிறகே ஆணையத்தின் புதிய நெறிமுறை 2020 அக்டோபர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒருவரை விஐபி ஆக்கும் முன், அந்தச் செலவு அவரால் தாங்கக்கூடியதா, தொடர்ந்து தாங்கக்கூடியதா என்று நிறுவனம் உறுதி செய்ய வேண்டும். சூதாட்டத்தால் பாதிப்புக்கு ஆளாகும் அறிகுறி உள்ளதா என்று பார்க்க வேண்டும். அடையாளம், தொழில், பணத்தின் மூலம் ஆகியவற்றுக்கு நடப்புச் சான்று வைத்திருக்க வேண்டும். இவை ஒரு முறை செய்து மறந்துவிடும் வேலைகள் அல்ல. விஐபியாக இருக்கும் வரை தொடர வேண்டியவை. ஆணையத்தின் தனிநபர் உரிமம் பெற்ற மூத்த அதிகாரி ஒருவர் இத்திட்டத்துக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களை விஐபி திட்டத்தில் சேர்ப்பதில்லை என்று தொழில்துறையே முன்வந்து ஒப்புக்கொண்டது. இந்த நெருக்கடி தொடங்கிய பின், விஐபிகளின் எண்ணிக்கை 70 விழுக்காடு குறைந்ததாக ஆணையம் கூறியது. முறையாகக் கேள்வி கேட்டவுடன் பத்தில் ஏழு பேர் பட்டியலில் இல்லாமல் போனார்கள் என்பது பழைய பட்டியல்கள் எப்படி நிரப்பப்பட்டன என்பதையே காட்டுகிறது.

அஃபிலியேட் பரிந்துரைத்தார் என்பதால் இந்த ஆய்வுகளில் எந்தத் தளர்வும் இல்லை. ‘என் தளம் வழியாகச் சேர்ந்தால் உடனடி விஐபி’ என்று பிரிட்டன் ஆட்டக்காரருக்கு விளம்பரம் செய்பவர், தம்மால் கொடுக்க முடியாத ஒன்றை வாக்களிக்கிறார்.

அஃபிலியேட் செய்யும் தவறுக்குக் கேசினோ பொறுப்பேற்குமா?

பிரிட்டனில் ஏற்றே தீர வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனம் தான் பணியமர்த்தும் வெளியார், தானே செய்வதுபோல அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். மீறினால் ஒப்பந்தத்தை முறிக்கவும் வழி வைத்திருக்க வேண்டும்.

2017-ஆம் ஆண்டு இதற்குத் திருப்புமுனை. அந்த மே மாதம் பிஜிஓ நிறுவனம் தன் தளத்திலும் தன் அஃபிலியேட்டுகளின் தளங்களிலும் வந்த தவறான விளம்பரங்களுக்காக 3 இலட்சம் பவுண்டு அபராதம் பெற்றது. செப்டம்பரில் இன்னொரு விவகாரம் வந்தது. மனைவியின் மருத்துவச் செலவால் கடனில் மூழ்கிய ஒருவர் இணையக் கேசினோவில் வென்று மீண்டார் என்று செய்திக் கட்டுரைபோல ஓர் அஃபிலியேட் கதை கட்டியிருந்தார். விளம்பரத் தர ஆணையம் லாட்புரோக்ஸ், 888, ஸ்கை வேகாஸ், காசுமோ ஆகிய நான்கு நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எழுதியது நாங்கள் அல்லர் என்ற வாதம் எடுபடவில்லை. அதே மாதம் ஸ்கை வேகாஸை நடத்தும் ஸ்கை பெட்டிங் அண்ட் கேமிங், பிரிட்டனில் தன் அஃபிலியேட் திட்டத்தையே மூடியது.

விளையாட்டை நிறுத்திக்கொண்டவரை அஃபிலியேட்டுகள் எப்படி நடத்துகிறார்கள்?

இந்தத் துறையின் ஆக மோசமான பக்கம் இது. பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற இலவச ஏற்பாட்டில் பதிவு செய்தால், ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு ஆகியவற்றில் நாம் தேர்ந்தெடுக்கும் காலத்துக்கு, உரிமம் பெற்ற இணையத் தளங்கள் அனைத்தும் கதவை மூடும். 2020 மார்ச் 31 முதல் எல்லா நிறுவனங்களும் இதில் கட்டாயமாகச் சேர்ந்தாக வேண்டும்.

அந்தக் கதவு மூடியதும் கூகுளில் ‘கேம்ஸ்டாப்பில் இல்லாத கேசினோக்கள்’ என்று தேடுபவர்களுக்காகவே சில அஃபிலியேட்டுகள் பட்டியல் தயாரித்து வைத்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ளவை பிரிட்டன் உரிமம் இல்லாத, பெரும்பாலும் கரீபியன் தீவான குராசோ போன்ற இடங்களில் பதிவான தளங்கள். தன்னைத்தானே தடுத்துக்கொண்ட மனிதர் கட்டுப்பாடு இழந்தால் பெரிதாக இழப்பார் என்பதை அறிந்தே அவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். அங்கே மேலே சொன்ன எந்த ஆய்வும் நடக்காது. கடன் அட்டையும் ஏற்பார்கள். பிரிட்டன் உரிமத் தளங்களில் அது 2020 ஏப்ரல் 14 முதல் தடை செய்யப்பட்டது. சேர்ந்த மறுநிமிடமே விஐபி பட்டமும் கிடைக்கும். பணம் எடுக்கப் போகும்போது அந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்பது தெரியவரும்.

கேசினோவோடு தகராறு வந்தால் அஃபிலியேட்டிடம் முறையிடலாமா?

முறையிடலாம், சில வேளை பலனும் உண்டு. பெரிய அஃபிலியேட்டுக்குக் கேசினோவின் உள்ளே நேரடித் தொடர்பாளர் இருப்பார். வாடிக்கையாளர் சேவையில் வாரக்கணக்கில் சுற்றிய புகார் அவருடைய ஒரே மின்னஞ்சலில் நகர்ந்த நிகழ்வுகள் உள்ளன. தாம் பட்டியலிட்ட கேசினோ பணம் கொடுக்காவிட்டால் தம் பெயரும் கெடும் என்று உண்மையாகவே கவலைப்படும் அஃபிலியேட்டுகளும் இருக்கிறார்கள்.

ஆனால் அவர் நடுவர் அல்லர், எதிர்த் தரப்பிடம் சம்பளம் வாங்குபவர். முறையான வழியை அவருக்காகக் காத்திருந்து தவறவிடக் கூடாது. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். எட்டு வாரங்களுக்குள் அது தீராவிட்டால், அல்லது முடிவு திருப்தி தராவிட்டால், நீதிமன்றத்துக்கு வெளியே தகராறு தீர்க்கும் ஐபாஸ், ஈகோக்ரா போன்ற மாற்றுத் தீர்வு அமைப்புகளிடம் கட்டணமின்றிப் போகலாம். சூதாட்ட ஆணையம் தனிநபர் பணத்தை மீட்டுத் தராது. அதன் வேலை உரிமத்தைக் கண்காணிப்பது.

‘என்னை விஐபி ஆக்கி இழக்க வைத்தார்கள், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்’ என்று நீதிமன்றம் போவது கடினமான பாதை. பெட்ஃபேர் தளத்தில் விஐபியாக இருந்து ஏறத்தாழ 15 இலட்சம் பவுண்டு இழந்த ஒருவர் தொடுத்த வழக்கு 2024-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் தோற்றது. தன்னால் அந்தச் செலவைத் தாங்க முடியும் என்று அவரே நிறுவனத்திடம் உறுதி கூறி வந்தது அவருக்கு எதிராக நின்றது. ஆகவே விஐபி மேலாளர் ‘உங்களுக்கு இது வசதிப்படுகிறதா?’ என்று கேட்கும்போது, மரியாதைக்காக ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதி அனுப்புவது பின்னால் கோப்பில் நிற்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

விஐபி அழைப்பு வந்தால் என்ன கேட்க வேண்டும்?

உங்கள் ஊதியம் நான் இழக்கும் தொகையோடு இணைந்ததா என்று மேலாளரிடம் நேராகக் கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும், அது வரும் விதமே பல செய்திகளைச் சொல்லும். கேஷ்பேக் ரொக்கமா போனஸா, பட்டம் நீடிக்க மாதந்தோறும் இவ்வளவு ஆட வேண்டும் என்று அளவு உண்டா, நான் டெபாசிட் வரம்பு வைத்துக்கொண்டால் அது குறையுமா என்றும் கேட்கலாம். வரம்பு வைத்ததும் ஆர்வம் குளிர்ந்துவிடும் மேலாளரிடமிருந்து விலகிவிடுவதே மேல்.

பிரிட்டனுக்கு வெளியே?

ஒவ்வொரு நாட்டிலும் வேறு. ஒரு நிகழ்வை மட்டும் குறிப்பிடலாம். 2023 ஜனவரியில் 888 நிறுவனம் மத்தியக் கிழக்கு விஐபி கணக்குகளை நிறுத்தி வைத்தது. வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பும் கருப்புப் பணத் தடுப்பு நடைமுறைகளும் அங்கே ஒழுங்காகப் பின்பற்றப்படவில்லை என்று அதன் உள் ஆய்வில் தெரியவந்திருந்தது. அதே அறிவிப்பில் தலைமை நிர்வாகி விலகினார். பங்கு விலை ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இவ்வகை விஐபி அழைப்பு வந்தால்?

டெலிகிராமிலும் யூடியூபிலும் தமிழிலேயே இத்தகைய இணைப்புகள் வருவதால் இந்தக் கேள்வி தேவையாகிறது. தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரம்மியையும் போக்கரையும் அதன் பட்டியலிலிருந்து சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் விலக்கியபோதும், சட்டத்தின் மற்ற பகுதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அதன்படி பணம் வைத்து இணையச் சூதாட்டம் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 இலட்சம் ரூபாய் வரை அபராதம். நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. ஆனால் பண விளையாட்டுக்கு விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 50 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அதை நடத்துபவருக்கு அதேபோல் மூன்று ஆண்டு வரை, ஒரு கோடி வரை என்று வகுத்துள்ளது. அஃபிலியேட் செய்வது விளம்பரம்தான். அவர் அனுப்பும் வெளிநாட்டுத் தளம் பணம் தர மறுத்தால், ஐபாஸ் போலப் போய்ச் சொல்ல இங்கே ஓர் அமைப்பு கிடையாது. காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது, தானும் அந்தச் சூதாட்டத்தில் பணம் வைத்து ஆடியதை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ள நேரிடும்.